சிங்கப்பூரில் லுத்தரன் சபைக்குப் புதிதாக வரும் மாணவருக்கு

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் என் வாட்ஸாப்பில் ஒரே மாதிரிச் செய்திகளாக வந்து விழும். “அண்ணா, நான் மாயவரம் பக்கம், டி.இ.எல்.சி. என்.டி.யு.வில் எம்.எஸ்ஸி. கிடைச்சிருக்கு. அங்கே நம்ம சபை இருக்கா?” (டி.இ.எல்.சி. என்பது ஊரிலுள்ள தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, என்.டி.யு. இங்குள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.) உள்ளூர்ப் பிள்ளைகளும் கேட்பார்கள்: “ஃப்ரெண்ட் கூப்பிடுறான், போய்ப் பார்க்கலாம்னு இருக்கேன். என்ன போட்டுக்கிட்டுப் போகணும்?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். நான் போதகர் இல்லை. என்.யு.எஸ். என்கிற சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவன், வாலிபர் கூட்டத்தில் நாற்காலி அடுக்கியவன், இப்போது வேலைக்குப் போய்க்கொண்டே மாணவர் ஊழியத்தில் கைகொடுப்பவன். அவ்வளவுதான்.

முதல் கேள்விக்கு முதலில் பதில். சபை இருக்கிறது. ஆனால் உங்கள் பாட்டி பாடிய ஞானப்பாட்டு அங்கே கேட்காது. சிங்கப்பூர் லுத்தரன் திருச்சபையின் வேர் தரங்கம்பாடியில் இல்லை. 1950களில் மலாயாவின் சீனர் புதுக்கிராமங்களில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகளிடமிருந்து வந்த கிளை அது. மலேசியாவோடு சேர்ந்திருந்து 1997இல் தனித் திருச்சபை ஆனது. பெரும்பாலும் ஆங்கிலத்திலும் மாண்டரினிலும்தான் ஆராதனை. மலேசியாவில் தமிழ் லுத்தரன்கள் உண்டு, அது வேறு கிளை, வேறு கதை.

எனக்கு இது முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சீன ஆன்ட்டி, “உங்க ஊரில் எப்போதிலிருந்து லுத்தரன்கள் இருக்காங்க?” என்று கேட்டார். 1706 என்றேன். 1960ஆ என்று திருப்பிக் கேட்டார். இல்லை ஆன்ட்டி, சீகன்பால்க் என்ற ஜெர்மன் மிஷனரி தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கியது 1706, தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது 1715 என்று சொன்னதும் இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டு வந்து நிறுத்திவிட்டார். ஊரில் யாரும் கண்டுகொள்ளாத சங்கதி இங்கே பெரிய செய்தி. வரும்போது இந்த இரண்டு ஆண்டுகளையும் மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள், பேச்சுத் தொடங்க உதவும்.

எந்தச் சபைக்குப் போவது

தூரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிரசங்கத்தையோ பாட்டுக் குழுவையோ யூடியூபில் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்றாவது வாரம் மழை பெய்யும்போதும், ஆறாவது வாரம் அசைன்மென்ட் நெருக்கும்போதும் நீங்கள் கிளம்புவீர்களா என்பதைத் தூரம்தான் தீர்மானிக்கும்.

என்.டி.யு.காரர்களுக்கு மேற்கிலேயே தா சிங் ரோட்டில் ஜூரோங் கிறிஸ்டியன் சர்ச் இருக்கிறது. பெயரில் லுத்தரன் இல்லை என்று குழம்ப வேண்டாம், லுத்தரன் சபைதான். பூன் லேயிலிருந்து ரயிலில் ஓரிரு நிறுத்தம். என்.யு.எஸ். பிள்ளைகளுக்கு இரண்டு வழி. காமன்வெல்த் டிரைவில் குவீன்ஸ்டவுன் லுத்தரன் சர்ச் இருக்கிறது. இல்லையென்றால் கென்ட் ரிட்ஜில் சர்க்கிள் லைன் ஏறி பொட்டானிக் கார்டன்ஸ் பக்கம் இறங்கினால், டியூக்ஸ் ரோட்டில் லுத்தரன் சர்ச் ஆஃப் அவர் ரிடீமர். வடக்கே யீஷூனிலும் கிழக்கே பிடோக்கிலும் சபைகள் உண்டு. ஆராதனை நேரமும் எந்த மொழி எத்தனை மணிக்கு என்பதும் மாறக்கூடியவை. முந்தின நாள் சபையின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. என் முதல் ஞாயிறு, நேரத்தைத் தவறாகப் படித்துவிட்டு மாண்டரின் ஆராதனையில் போய் உட்கார்ந்துவிட்டேன். நடுவில் எழுந்து போக வெட்கம். முன்வரிசை வேறு. சரி, இருந்துதான் பார்ப்போமே என்று இருந்தேன். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் எல்லாரும் தலைகுனிந்து சேர்ந்து சொன்னபோது அது பாவ அறிக்கை என்று தெரிந்தது. போதகர் கையை உயர்த்தியபோது மன்னிப்பின் வார்த்தை என்று தெரிந்தது. மூன்றாவது வாசிப்புக்கு எல்லாரும் எழுந்தார்கள், அப்படியானால் சுவிசேஷம். விசுவாசப்பிரமாணம், காணிக்கை, பரமண்டல ஜெபம் எல்லாம் அதனதன் இடத்தில் வந்தன. பரமண்டல ஜெபத்தை நான் தமிழில் முணுமுணுத்தேன், அவர்களோடு ஒரே நேரத்தில் ஆமென் வந்தது. ஊரில் பதினெட்டு வருடம் அலுப்போடு ஒப்பித்த முறைமை எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

முதல் ஞாயிறு

உடை சாதாரணமாகப் போதும். சட்டை, பேன்ட், சுடிதார், எல்லாம் சரி. உள்ளே ஏசி ஊட்டி மாதிரி இருக்கும், ஒரு மெல்லிய ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பை வாசலில் கழற்றத் தேவையில்லை. பதினைந்து நிமிடம் முன்னால் போங்கள். வாசலில் வரவேற்கிறவரிடம் “முதல் தடவை வருகிறேன், மாணவன்” என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வரி பாதி வேலையை முடித்துவிடும்: ஆராதனைத் தாள் கைக்கு வரும், பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வருவார், முடிந்ததும் வாலிபர் பொறுப்பாளரிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவார்.

டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிக்கும் பழக்கத்தை மட்டும் கோப்பிக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒருமுறை நண்பன் பெஞ்சில் வைத்துவிட்டான். அங்கே வழக்கமாக உட்காரும் அங்கிள் அதில் ஒன்றை உருவி மூக்கைச் சிந்திவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துகொண்டார்.

சில சபைகளில் பழைய முறைமை முழுதாக இருக்கும், சிலவற்றில் கிட்டார், டிரம்ஸ், திரையில் பாட்டு வரிகள். ஊரிலிருந்து வருகிறவர்கள் டிரம்ஸைப் பார்த்ததும் “இது லுத்தரன் சபையா?” என்று புருவம் உயர்த்துகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் அங்கியைப் பார்த்ததும் “இது கத்தோலிக்கமா?” என்று கேட்கிறார்கள். இரு சாராருக்கும் என் பதில், நாலு வாரம் பொறுத்து அப்புறம் சொல்லுங்கள்.

திருவிருந்து விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அப்பத்திலும் திராட்சைரசத்திலும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே தரப்படுகின்றன என்பது லுத்தரன் போதனை. வெறும் நினைவுச் சடங்காக அவர்கள் அதை எடுத்துக்கொள்வதில்லை. யார் பங்கெடுக்கலாம் என்ற வரியை ஆராதனைத் தாளில் வாசியுங்கள், சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே போதகரிடம் கேளுங்கள். ஞானஸ்நானம் எடுக்காதவர்கள் இருக்கையிலேயே அமர்ந்திருக்கலாம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பல இடங்களில் முன்னால் போய் இரு கைகளையும் நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டால் போதகர் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார். எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஒரு வருடம் முழுக்க அப்படியே போய் வந்தாள்.

எல்லாரையும் எப்படிக் கூப்பிடுவது என்றும் கேட்கிறார்கள். போதகர் “பாஸ்டர்”. பெற்றோர் வயதில் இருப்பவர்கள் எந்த இனமானாலும் அங்கிள், ஆன்ட்டி. நம் வயதுக்காரர்களைப் பெயர் சொல்லியே கூப்பிடலாம். சீன சீனியர் ஒருவரை நான் “சார்” என்று கூப்பிட்டேன், அந்தப் பெயரே அவருக்கு இன்றுவரை நிலைத்துவிட்டது.

வாலிபர் கூட்டம்

பெயர் ஒவ்வொரு சபையிலும் வேறு. யங் அடல்ட்ஸ், செல் குரூப், கேர் குரூப் என்று எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் வெள்ளி மாலையோ சனிக்கிழமையோ, இல்லையென்றால் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகோ கூடுவார்கள். சாப்பாடு, இரண்டு மூன்று பாட்டு, வேதபாடம், அப்புறம் சின்னக் குழுக்களாகப் பிரிந்து வாரம் எப்படிப் போனது என்று பகிர்ந்து ஜெபம். சாப்பாட்டைப் பற்றி வெட்கப்படாமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: சைவமா, மாட்டிறைச்சி ஆகாதா, பன்றி ஆகாதா. சொல்லாமல் இருந்துவிட்டு பீஹூன் நூடுல்ஸில் உள்ளதைப் பொறுக்கிக்கொண்டிருப்பது இரு தரப்புக்கும் சங்கடம்.

பகிரும் நேரம்தான் புதியவர்களுக்குத் திணறல். மற்றவர்கள் வீட்டுச் சண்டை, பரீட்சையில் தோற்றது, காதல் முறிந்தது என்று கொட்டும்போது நம் ஊர்ப் பிள்ளைகள் “எல்லாம் நல்லா இருக்கு, ஜெபிச்சுக்கோங்க” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதில் தப்பில்லை. நம்பிக்கை வருகிறவரை அளவோடு சொல்லுங்கள். அங்கே கேட்டதை வெளியே கொண்டுபோகாதீர்கள். ஒருவருடைய கஷ்டம் குழுவின் கைக்கு மீறினது என்று பட்டால், ஜெபத்தோடு விட்டுவிடாமல் போதகரிடமோ பல்கலைக்கழக ஆலோசகரிடமோ கூட்டிக்கொண்டு போங்கள். சிங்கப்பூர் சமாரித்தர்கள் சங்கத்தின் 1767 என்ற உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேதபாடத்தில் பல குழுக்கள் மார்ட்டின் லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தை எடுப்பார்கள். 1529இல் வந்தது. வீட்டில் அப்பா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எழுதினது, அதனால் குட்டிக் குட்டியாக இருக்கும். பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் “இதற்கு அர்த்தம் என்ன?” என்ற கேள்வி வரும். ஊரில் பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்தவர்கள் இங்கே அதே கேள்வியை உண்மையிலேயே கேட்டுப் பார்க்கலாம். “களவு செய்யாதிருப்பாயாக” என்பதற்கு எங்கள் குழுவில் ஒரு மாலை முழுக்க குரூப் ப்ராஜெக்டில் வேலை செய்யாமல் பெயர் மட்டும் போட்டுக்கொள்வதைப் பற்றித்தான் விவாதம் நடந்தது.

இனி, இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமான பகுதி. வாலிபர் கூட்டத்துக்கு மட்டும் வந்துவிட்டு ஞாயிறு ஆராதனைக்கு மட்டம் போடாதீர்கள். பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன். கூட்டத்தில் எல்லாரும் நம் வயது, நம் நகைச்சுவை, சாப்பாடு வேறு, இழுக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் குழு நிலையானது இல்லை. ஒருத்தன் பட்டம் வாங்கிக்கொண்டு போவான், ஒருத்தி எக்ஸ்சேஞ்சுக்குப் போவாள், உள்ளூர்ப் பையன்கள் தேசிய சேவைக்கு இரண்டு வருடம் போய் வருவார்கள். மூன்று வருடத்தில் அந்த அறையில் பாதி முகம் புதுமுகம். என் கூட்டாளிகளில் நாலைந்து பேர் படிப்பு முடிந்த கையோடு சபையையும் விட்டார்கள். விசுவாசம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அவர்களுக்குத் தெரிந்த ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை உள்ளே நுழைந்தால் ஒரு முகமும் பழக்கமில்லை. பரிச்சயம் இருந்த ஒரே இடம் மாடியில் இருந்த அந்த வாலிபர் அறை.

அதனால் செய்யவேண்டியது: ஞாயிற்றுக்கிழமை உங்கள் வயதுக்காரர்களோடு கூட்டமாகக் கடைசி பெஞ்சில் உட்காராமல், மாதத்தில் இரண்டு வாரமாவது வேறு யார் பக்கத்திலாவது உட்காருங்கள். பெயர் கேளுங்கள். அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அந்த 1706 ஆன்ட்டி இப்படிக் கிடைத்தவர்தான். எனக்கு டெங்கு வந்து படுத்தபோது அரிசிக் கஞ்சியும் நூறு கேள்விகளுமாக விடுதிக்கு வந்து நின்றார். என் குழு நண்பர்களுக்கு அந்த வாரம் பரீட்சை.

வளாகத்துக்குள்

சிங்கப்பூரில் தனியாக ஒரு லுத்தரன் சங்கம் வளாகத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். என்.யு.எஸ்.ஸில் வர்சிட்டி கிறிஸ்டியன் ஃபெலோஷிப் போல எல்லாச் சபைப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கும் ஐக்கியங்கள் உண்டு. இவற்றுக்குத் துணைநிற்கும் ஃபெலோஷிப் ஆஃப் இவாஞ்சலிகல் ஸ்டூடண்ட்ஸ் 1959இல் தொடங்கியது. தாராளமாகச் சேருங்கள், நல்ல நண்பர்கள் கிடைப்பார்கள். குழந்தை ஞானஸ்நானம் சரியா என்று அங்கே யாராவது உங்களைப் பிடித்துக்கொள்வார்கள். வாக்குவாதத்தில் ஜெயிக்கவேண்டிய அவசியமில்லை. நீங்கள் நம்புவது என்ன என்று தெரிந்து வைத்திருந்தால் போதும்.

லுத்தரன் பிள்ளைகள் நாலு பேர் இருந்தால் வாரம் ஒரு மதிய சாப்பாடு போதும். என்.யு.எஸ். யூடவுன் உணவகத்திலோ என்.டி.யு. நார்த் ஸ்பைனிலோ ஒரு மேசை, தட்டை எடுத்துவைத்த பிறகு ஒரு சங்கீதம், ஐந்து நிமிட ஜெபம், முடிந்தது. அறை பதிவு, பேனர், பதவி எதுவும் வேண்டாம். நாங்கள் செய்ததிலேயே நீடித்து நடந்தது இந்தச் சாப்பாட்டு மேசைதான்.

ஒரு விஷயத்தில் ஊர்ப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். இங்கே சமய நல்லிணக்கத்தைக் காக்க 1990இலேயே தனிச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள், பல்கலைக்கழகங்களும் அதில் கவனமாக இருக்கும். விடுதியில் கதவு கதவாகத் தட்டிக் கைப்பிரதி கொடுப்பது, அறைத்தோழரின் சாமிப் படத்தைப் பற்றிக் கிண்டலாகப் பேசுவது, மற்ற மதத்தை மட்டம்தட்டி ஸ்டேட்டஸ் போடுவது எல்லாம் கூடவே கூடாது. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, மரியாதையும் அதுதான். நண்பரைக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஒருமுறை கூப்பிடலாம். வரவில்லை என்றால் அதோடு சரி, மறுநாளும் அவரோடு சேர்ந்தே சாப்பிடுங்கள்.

இந்து வீட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒளித்து வராதீர்கள். அம்மாவிடம் லைப்ரரி என்று சொல்லிவிட்டு சபைக்கு வருவது ஆறு மாதம் ஓடும், ஏழாவது மாதம் டெக்கா சந்தையில் எதிர்ப்படும் ஒரு பெரியம்மா அதை உடைத்துவிடுவார். தீபாவளிக்கு வீட்டில் இருங்கள், பெரியவர்கள் காலில் விழுங்கள், முறுக்கு சுற்ற உட்காருங்கள். பூஜையில் எதுவரை நிற்கலாம் என்பதைப் போதகரோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசலாம், அவரவர் மனசாட்சி சம்பந்தப்பட்டது. ஞானஸ்நானத்துக்கு யாரும் உங்களை அவசரப்படுத்தக்கூடாது. அவசரப்படுத்தினால் அது தவறு என்று அந்த ஆளிடமே சொல்லுங்கள்.

இரண்டு நாட்காட்டிகள்

சபை நாட்காட்டியும் செமஸ்டர் நாட்காட்டியும் ஒன்றோடொன்று மோதும். அக்டோபர் 31 சீர்திருத்த நாள். அதை ஒட்டிய ஞாயிற்றில் பலிபீடத்துத் துணி சிவப்பாக இருக்கும், உங்களுக்கோ அது ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் காலம். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலம் தொடங்கும்போது பரீட்சை நடந்துகொண்டிருக்கும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் முழுக்க இரண்டாம் செமஸ்டருக்குள் விழும், ஈஸ்டர் முடிந்த சூட்டோடு மறுபடி பரீட்சை. பெரிய வெள்ளி பொது விடுமுறை என்பதால் தப்பித்தோம்.

ஆகவே செமஸ்டர் தொடக்கத்திலேயே இரண்டையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எந்தெந்த வாரம் எதற்கு வரமுடியாது என்று குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பரீட்சைக்குப் படிப்பதால் குற்ற உணர்வு வேண்டாம். மாணவனுக்குப் படிப்பும் ஒரு தெய்வ அழைப்புதான் என்பது லூத்தரின் வழிவந்தவர்கள் விடாமல் சொல்லும் விஷயம். ஆனால் ஞாயிறு அந்த ஒன்றரை மணி நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதையும் விட்ட செமஸ்டரில் என் மதிப்பெண் ஒன்றும் ஏறிவிடவில்லை.

கையில் விழும் வேலைகள்

தமிழன் என்றால் பாடுவான் என்று ஒரு நம்பிக்கை இங்கே இருக்கிறது. முதல் மாதமே பாட்டுக் குழுவுக்குக் கூப்பிடுவார்கள். முதல் செமஸ்டருக்கு ஒரே ஒரு வேலை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் சின்னதாக: திரையில் பாட்டு வரிகள் மாற்றுவது, நாற்காலி, கோப்பி. பிள்ளைகளின் ஞாயிறு பள்ளியில் உதவுவதாக இருந்தால் சபையின் பாதுகாப்பு விதிகளை முதலில் கேட்டு வாங்கி வாசியுங்கள். குழந்தையோடு தனியாக ஓர் அறையில் இருக்கக்கூடாது என்பது அடிப்படை.

காணிக்கையைக் கைப்பேசியில் பேநவ் கியூஆர் வழியாகவும் போடலாம். மாணவரிடம் யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள், கடன் வாங்கிப் போடாதீர்கள்.

தமிழுக்கு ஏக்கம் வந்தால் மாதம் ஒரு மாலை ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் சபைக்கோ டார்செட் ரோட்டிலுள்ள ஆங்கிலிக்கன் கிறிஸ்து சபைக்கோ போய்ப் பாடிவிட்டு வாருங்கள், லிட்டில் இந்தியா பக்கம்தான். நானும் போகிறேன். ஆனால் வாராவாரம் மூன்று சபைக்குப் பறந்தால் எதிலும் உங்களைத் தேட ஆள் இருக்காது.

கடைசி செமஸ்டர்

முடிப்பதற்கு நாலைந்து மாதம் முன்பே போதகரிடம் பேசுங்கள். இங்கேயே வேலை கிடைத்தால் மாணவர் குழுவிலிருந்து வேலைக்குப் போகிறவர்களின் குழுவுக்கு மாறவேண்டும். அது வார நாள் இரவில் நடக்கும், பேச்சு வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, குழந்தை என்று இருக்கும், முதலில் சலிப்பாகத்தான் இருக்கும். படிக்கும்போதே இரண்டு மூன்று தடவை போய்ப் பழகிக்கொண்டால் தாண்டிவிடலாம். ஊர் திரும்புகிறவர்கள், இங்கே அங்கத்தினராகச் சேர்ந்திருந்தால், போதகரிடம் சபை மாற்றுக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே ஞானஸ்நானம் எடுத்தவர்கள் சான்றிதழை அசலாகக் கையிலேயே எடுத்துப் போங்கள், பெட்டியில் போடவேண்டாம். ஊரில் கல்யாணம் என்று வரும்போது ஆயர் கேட்கப்போகும் முதல் காகிதம் அது.